ஷோ ரிங்குல ஜட்ஜ் சொல்ற கமெண்ட்டை எப்படிப் படிக்கணும்?

நாயை ஷோவுக்கு கூட்டிட்டுப் போற நிறைய பேர் ரிசல்ட்டை மட்டும் பார்த்துட்டு திரும்பிடறாங்க. ஃபர்ஸ்ட்டா செகண்டா, ரோசெட் ரிப்பன் கிடைச்சுதா, ஜட்ஜோட நின்னு போட்டோ எடுத்தாச்சா, அதோட முடிஞ்சுது. ஜட்ஜ் எழுதிக் குடுத்த பேப்பரோ, ரிங்கை விட்டு வெளிய வரும்போது அவர் சொன்ன ரெண்டு வார்த்தையோ அங்கயே மறந்து போயிடுது. எனக்கு இது ரொம்ப வருத்தமான விஷயம், ஏன்னா பிளேசிங்குங்கிறது அன்னிக்கு கூட நின்ன நாய்களைப் பொறுத்தது, கிளாஸ்ல சுமாரா மூணே நாய் இருந்தா உங்க நாய் ஃபர்ஸ்ட் வந்துடும், அதே நாய் அடுத்த மாசம் வேற ஊர்ல பதினஞ்சு நல்ல நாய்க்கு நடுவுல எட்டாவதா நிக்கும், ஆனா கமெண்ட் அப்படி இல்ல, அது உங்க நாயை அந்த பிரீடு எப்படி இருக்கணும்னு எழுதி வச்ச ஸ்டாண்டர்டு பக்கத்துல வச்சுப் பார்த்து சொன்னது. குட்டி எடுக்கற யோசனையில இருக்கறவங்களுக்கு கப்பை விட அந்த நாலு வரிதான் உபயோகம். என்ன, அதைப் படிக்கத் தெரியணும். ஜட்ஜுங்க யாரும் நேரா "இது சரியில்ல"ன்னு எழுத மாட்டாங்க, எழுதினது எழுதாம விட்டது ரெண்டையும் சேர்த்துப் பார்த்தாத்தான் விஷயம் பிடிபடும்.

முதல்ல பார்க்க வேண்டியது அந்த கமெண்ட் எந்த முறையில வந்துச்சுங்கறது. முறையா நடந்த முதல் டாக் ஷோன்னு எல்லாரும் சொல்றது 1859 ஜூன்ல இங்கிலாந்துல நியூகாசில்ல பாயின்டர், செட்டர்ங்கற ரெண்டு வகை வேட்டை நாய்க்கு மட்டும் நடந்தது. அதுல பாயின்டருக்கு ஜட்ஜா இருந்தவரோட நாய் செட்டர்ல ஜெயிச்சுது, செட்டர் ஜட்ஜோட நாய் பாயின்டர்ல ஜெயிச்சுது. ஜட்ஜ் ஏன் இந்த நாயை எடுத்தாருங்கற கேள்வி அன்னிக்கே பொறந்தாச்சு. 1873ல அங்க ஷோ, இனப் பதிவு எல்லாம் பார்த்துக்கற கென்னல் கிளப் ஆரம்பிச்சாங்க, அதுக்கப்புறம் ஸ்டாண்டர்டு, ரூல்னு எல்லாம் ஒழுங்குக்கு வந்துச்சு. பிரிட்டன்ல இன்னிக்கும் ஜட்ஜுங்க முதல் இடங்கள்ல வந்த நாய்களைப் பத்தி மட்டும்தான் எழுதுவாங்க, ஷோ முடிஞ்சு வீட்டுக்குப் போய் எழுதி அனுப்புவாங்க, அது "அவர் டாக்ஸ்" (Our Dogs) மாதிரி 1895ல இருந்து வர்ற வாரப் பத்திரிகையில ஊரே படிக்கற மாதிரி அச்சாகும். ஓனர், பிரீடர், பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் படிப்பாங்கன்னு தெரிஞ்சே எழுதறதால பாஷை ரொம்ப மரியாதையா இருக்கும், குறை ஒரு வரிக்குள்ள ஒளிஞ்சிருக்கும். தான் ஃபர்ஸ்ட் குடுத்த நாயை ஏன் எடுத்தோம்னு காரணம் சொல்றதுதான் அந்த எழுத்தோட வேலைங்கறதால அதுல பாராட்டு தூக்கலா இருக்கறது சகஜம்.

எஃப்சிஐ முறை வேற மாதிரி. 1911ல ஜெர்மனி, ஆஸ்திரியா, பெல்ஜியம், நெதர்லாந்து, பிரான்ஸ் அஞ்சு நாடு சேர்ந்து ஆரம்பிச்ச சர்வதேச கென்னல் அமைப்பு அது. ஐரோப்பாவுல நிறைய நாடுகள்ல ரிங்குக்குள்ள வர்ற ஒவ்வொரு நாய்க்கும் ஜட்ஜ் அங்கயே நின்னு சொல்லச் சொல்ல பக்கத்துல டேபிள்ல உட்கார்ந்திருக்கற செக்ரட்டரி எழுதுவாங்க இல்லைன்னா டைப் பண்ணுவாங்க, கூடவே எக்ஸலன்ட், வெரி குட், குட், சஃபிஷியன்ட்னு ஒரு கிரேடும் வரும். கடைசியா வந்த நாய்க்கும் பேப்பர் உண்டு. சில நிமிஷத்துல நாயைத் தொட்டுப் பார்த்து, ஓட வச்சு, வாயில வந்ததைச் சொல்றதால இதுல பூசி மெழுகறது கம்மி, அதே நேரத்துல தந்தி பாஷை மாதிரி துண்டு துண்டா இருக்கும். அமெரிக்காவுல எழுத்தே கிடையாது, அங்க ஏகேசி, அதாவது அமெரிக்கன் கென்னல் கிளப் ஷோவுல ஜட்ஜ் ஒரு மணி நேரத்துக்கு 25 நாய் கணக்குல பார்த்து விரலை நீட்டிட்டுப் போயிட்டே இருக்கணும், காரணம் தெரியணும்னா அப்புறமா நீங்களா போய் கேட்டுக்கணும்.

நம்ம ஊர்ல கேசிஐ, அதாவது கென்னல் கிளப் ஆஃப் இந்தியா, அதோட தலைமை ஆபீஸ் சென்னையிலதான் இருக்கு. வெளிநாட்டு ஜட்ஜுங்களைத்தான் நிறைய கூப்பிடறாங்க, ஆல் பிரீட் ஷோக்கள் பலதுல கையில எழுத்தா எதுவும் கிடைக்காது, வாயால சொல்றதைக் காது குடுத்துக் கேட்டாத்தான் உண்டு. ஜெர்மன் ஷெப்பர்டுக்குன்னே நடத்தற ஸ்பெஷாலிட்டி ஷோ மட்டும் இதுல தனி ரகம். அங்க ஜெர்மனியில ஷெப்பர்டுக்கான எஸ்வி கிளப் நடத்தற பாணியில ரிங்கைச் சுத்திச் சுத்தி நாய்களை ஓட விட்டு, ஜட்ஜ் ஓடற வரிசையையே மாத்திக்கிட்டே இருப்பாரு, முன்னால போ, பின்னால வான்னு, கடைசியா மைக்கைப் பிடிச்சு ஒவ்வொரு நாயைப் பத்தியும் எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்வாரு. அந்த மைக் கமெண்ட்டுதான் கத்துக்கறதுக்கு முதல் தரமான இடம், ஷெப்பர்டு வளர்க்காதவங்க கூட ஒரு தடவை போய் நின்னு கேக்கலாம்.

ஏன்னா அதுல ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு படி இருக்கு. அவர் ஆரம்பிக்கறதே சைஸ்ல இருந்துதான். "மீடியம் சைஸ், மீடியம் ஸ்ட்ராங்"னு சொன்னா நம்ம ஆளுங்களுக்கு முகம் சுருங்கிடுது, "பெரிய நாய்"னு சொன்னா கை தட்டறாங்க. உண்மை தலைகீழ். ஸ்டாண்டர்டுல ஷெப்பர்டு ஆண் நாய்க்கு உயரம் 60ல இருந்து 65 சென்டிமீட்டர், ஃபீமேலுக்கு 55ல இருந்து 60, இனமே மிதமான சைஸ் இனம். "பெரிய"ன்னு ஜட்ஜ் சொன்னா மேல் எல்லைக்கிட்ட வந்தாச்சுன்னு அர்த்தம், அது எச்சரிக்கை, அந்த நாய்க்கு இன்னொரு பெரிய நாயைப் போட்டு குட்டி எடுத்தா எல்லை தாண்டிடும்னு உங்களுக்கு சொல்றாரு. அடுத்தது ஆங்குலேஷன், அதாவது கால் எலும்புகள் சேரற கோணம். "முன்னங்கால் ஆங்குலேஷன் நல்லா இருக்கு, பின்னங்கால் ரொம்ப நல்லா இருக்கு"ன்னு சொல்வாரு. கேக்கறவங்க ரெண்டுமே பாராட்டுன்னு நினைச்சுக்குவாங்க. ஆனா அந்த பாஷையில "நல்லா" ஒரு படி கீழ, "ரொம்ப நல்லா" ஒரு படி மேல, அப்போ முன்பக்கம் பின்பக்கத்துக்கு ஈடா இல்லைங்கறதுதான் சேதி. அதோட "அப்பர் ஆர்ம் இன்னும் கொஞ்சம் நீளமா, இன்னும் சாய்வா இருந்திருக்கலாம்"னு ஒரு வரி வரும், அப்பர் ஆர்ம்னா தோளுக்கும் முழங்கைக்கும் நடுவுல இருக்கற எலும்பு, ஷெப்பர்டு ரிங்குல திரும்பத் திரும்ப காதுல விழற வரி இது, இனத்துலயே பரவலா இருக்கற குறைங்கறதால உங்க நாயை மட்டும் குறை சொன்னதா எடுத்துக்க வேண்டாம், ஆனா மேட்டிங்குக்கு நாய் தேடும்போது முதல்ல ஞாபகத்துக்கு வர வேண்டியதும் அதுதான்.

கிரேடுலயும் இதே மாதிரி ஒரு குழப்பம். எஸ்வி முறையில 24 மாசம் ஆகாத நாய்க்கு அதிகபட்ச கிரேடே எஸ்ஜி, அதாவது வெரி குட். அதுக்கு மேல வி, அதாவது எக்ஸலன்ட், வளர்ந்த நாய்க்குத்தான். ஒன்றரை வயசு நாய் எஸ்ஜி ஒண்ணுன்னு வந்தா அது அந்த வயசுல தொடக்கூடிய உச்சம், அதைப் போய் "எக்ஸலன்ட் குடுக்கலையே"ன்னு வருத்தப்படறவங்களை நேர்ல பார்த்திருக்கேன். பொதுவான எஃப்சிஐ ஷோக்கள்ல இந்தத் தடை இல்ல, அங்க குட்டி கிளாஸுக்கு மட்டும் வெரி ப்ராமிசிங், ப்ராமிசிங் அப்படின்னு தனி வார்த்தைங்க.

எஃப்சிஐ விதியில எக்ஸலன்ட்டுன்னா ஸ்டாண்டர்டுக்கு ரொம்பக் கிட்டத்துல இருக்கற, நல்ல கண்டிஷன்ல இருக்கற, குணமும் சமநிலையா இருக்கற நாய், சின்னச் சின்னக் குறையை மன்னிக்கலாம். வெரி குட்டுன்னா இனத்தோட லட்சணம் எல்லாம் இருக்கு, அளவும் பொருத்தமா இருக்கு, ஒண்ணு ரெண்டு சின்னக் குறை. குட்டுங்கறது முக்கியமான லட்சணம் இருக்கு, நிறை குறையை விட அதிகம்ங்கற அளவு. பேச்சு வழக்குல குட்டுன்னா சந்தோஷப்படற வார்த்தை, ரிங்குல அது மூணாவது படி. டிஸ்குவாலிஃபைடுன்னா கடிக்க வர்றது, தாடை அமைப்புல பெரிய கோளாறு, ஆணுக்கு ரெண்டு விதையும் இறங்காதது இந்த மாதிரி காரணம். அதைத் தவிர "ஜட்ஜ் பண்ண முடியல"ன்னு ஒண்ணு தனியா இருக்கு. நாய் ஓடவே மாட்டேங்குது, குதிச்சுக்கிட்டே இருக்கு, பல்லைப் பார்க்க விட மாட்டேங்குதுன்னா அதைப் போடுவாங்க. இது நாயோட அமைப்பைப் பத்தி எதுவும் சொல்லல, பழக்கிட்டு திரும்ப கூட்டிட்டு வாங்கன்னு மட்டும்தான் அர்த்தம்.

இப்போ ஒரு கமெண்ட்டை எடுத்து வரி வரியா பார்ப்போம். லாப்ரடார், ரெண்டு வயசு, கருப்பு ஆண் நாய்னு வச்சுக்குவோம். எஃப்சிஐ பாணியில பேப்பர் இப்படி இருக்கும்: "நல்ல சைஸ், நல்ல எலும்பு. ஆண் தோற்றமுள்ள தலை, மூக்குப் பக்கம் இன்னும் நிறைவா இருக்கலாம். இனிமையான எக்ஸ்பிரஷன். கழுத்து போதுமான நீளம். ஷோல்டர் நல்லா சாஞ்சிருக்கு, அப்பர் ஆர்ம் குட்டை. மார்பு ஆழம் நல்லா இருக்கு. நிக்கும்போது டாப்லைன் நல்லா இருக்கு. பின்னங்கால் நல்ல ஆங்குலேஷன். சரியான வால். கோட் இன்னிக்கு முழுசா இல்ல. பக்கவாட்டுல சந்தோஷமா ஓடுது, முன்னால வரும்போது கொஞ்சம் தளர்வு. நல்லா காட்டினாங்க. வெரி குட்."

சைஸும் எலும்பும் நிஜமான பாராட்டு. ஸ்டாண்டர்டுல லாப்ரடார் ஆண் நாய் 56, 57 சென்டிமீட்டர்தான், நம்ம ஊர்ல அதைத் தாண்டின நாய் ஏராளம், அதனால "நல்ல சைஸ்"னு வந்தா சந்தோஷப்படலாம். தலையில "மூக்குப் பக்கம் இன்னும் நிறைவா"ன்னா முன்பக்கம் ஒல்லியா கூராப் போகுது, லாப்ரடாருக்கு அது பலமா இருக்கணும், ஏன்னா சுட்டு விழுந்த பறவையைத் தூக்கிட்டு வர வளர்த்த நாய் இது, வாய் கொள்ளணும். ரெண்டு வயசுல தலை இன்னும் கொஞ்சம் நிரம்ப வாய்ப்பு இருக்கு, அதனாலதான் "இருக்கலாம்"னு கதவைத் திறந்து வச்சிருக்காரு. "போதுமான"ங்கற வார்த்தை வந்த இடத்துல நிறுத்திப் படிங்க. அது பாஸ் மார்க். கழுத்து நீளம் பரவாயில்ல, குறைன்னு சொல்ல முடியாது, நல்லதுன்னும் சொல்ல முடியாது.

அப்புறம் வர்ற ரெண்டு வரிக்கும் ரொம்பக் கீழ வர்ற ஒரு வரிக்கும் சம்பந்தம் இருக்கு, பேப்பரைப் படிக்கறதுல முக்கியமான வேலையே இப்படி முடிச்சு போடறதுதான். அப்பர் ஆர்ம் குட்டைன்னா முன்னங்கால் உடம்புக்கு அடியில சரியா வந்து நிக்காம கொஞ்சம் முன்னால தள்ளி நிக்கும், முழங்கை விலா எலும்போட ஒட்டி ஓடறதுக்கு பதிலா இடம் தேடும், அதுதான் "முன்னால வரும்போது தளர்வு"ன்னு கடைசியில எழுதினது. நாய் நேரா நம்மளைப் பார்த்து ஓடி வரும்போது ஜட்ஜ் குனிஞ்சு பார்க்கறது இதைத்தான். ரெண்டும் தனித்தனி குறை இல்ல, ஒரு குறையோட காரணமும் விளைவும். இதைத் தெரிஞ்சுக்கிட்டா ரிங்குல நாயைக் காட்டற ஹேண்ட்லர்கிட்ட போய் ஓட்டத்தை சரி பண்ணுன்னு காசு குடுக்க மாட்டீங்க, எலும்பு நீளத்தை எந்த டிரெயினிங்கும் மாத்தாது.

"நிக்கும்போது டாப்லைன் நல்லா இருக்கு." இந்த "நிக்கும்போது"தான் மொத்த பேப்பர்லயும் கனமான வார்த்தை. டாப்லைன், அதாவது முதுகுக் கோடு, ஓடும்போதும் மட்டமா இருந்திருந்தா அந்த வார்த்தையே வந்திருக்காது. ஓட ஆரம்பிச்சதும் முதுகு தொய்யுது, இல்ல பின்பக்கம் தூக்குது, ஹேண்ட்லர் ஸ்டாக் பண்ணி, அதாவது ஜட்ஜ் பார்க்கறதுக்காக காலை ஒழுங்கா வச்சு, நிறுத்தும்போது கையால சரி பண்ணிடறாரு. அதே மாதிரி "பக்கவாட்டுல சந்தோஷமா ஓடுது"ன்னு சொல்லியிருக்காரே தவிர ரீச், அதாவது முன்னங்கால் எட்டி வைக்கறது பத்தியும், டிரைவ், அதாவது பின்னங்கால் உந்தறது பத்தியும் பேச்சே இல்ல. சந்தோஷம்ங்கறது குணத்துக்கான பாராட்டு, ஓட்டத்துக்கானது இல்ல. பின்னால இருந்து பார்த்த ஓட்டத்தைப் பத்தி ஒண்ணுமே இல்ல, குறை சொல்லாததால பாதகம் இல்லைன்னு எடுத்துக்கலாம், பாராட்டா எடுத்துக்கக் கூடாது. "கோட் இன்னிக்கு முழுசா இல்ல"ங்கறது முடி கொட்டற சீசன், ரெட்டைக் கோட்டுல உள் முடி போயிருக்கு, சென்னை வெயில்ல லாப்ரடாருக்கு இது புதுசு இல்ல, "இன்னிக்கு"ன்னு போட்டதால இது நிரந்தரக் குறை இல்லைன்னு அவரே சொல்லிட்டாரு. "நல்லா காட்டினாங்க" ஹேண்ட்லருக்கானது. மத்த வரிகள்ல உற்சாகம் கம்மியா இருந்து இது மட்டும் தூக்கலா இருந்தா நாயை விட ஹேண்ட்லர்தான் உழைச்சிருக்காருன்னு புரிஞ்சுக்கணும்.

இங்க ஒரு பழக்கம் சொல்லித் தரேன், பேப்பர் கைக்கு வந்ததும் ரெண்டு கலர் பேனா எடுத்துக்கங்க. மாறக்கூடியதை ஒரு கலர்ல கோடு போடுங்க: கோட், எடை, தசை, ரிங்குல நடந்துக்கறது, நகம், பல்லுல அழுக்கு. மாறாததை இன்னொரு கலர்ல: ஷோல்டர், அப்பர் ஆர்ம், முதுகு நீளம், வால் இணையற இடம், வளர்ந்த நாயோட கண் கலர், பைட், அதாவது மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சேரற விதம். முதல் கலர் அடுத்த ஷோவுக்கான வேலை, ரெண்டாவது கலர் அடுத்த தடவை குட்டி எடுக்கறதுக்கான வேலை. குட்டி நாய்க்கு மட்டும் இந்தக் கோடு தெளிவா விழாது, "டைம் வேணும்", "கால் நீளமா தெரியுது", "உடம்பு இறங்கணும்"னு எழுதினா அது உண்மையிலயே வயசைப் பத்தின பேச்சு, பத்து மாசத்து நாய் பாதி கட்டின வீடு மாதிரிதான் இருக்கும். ஆனா மூணு வயசு நாய்க்கு ஒருத்தர் "டைம் வேணும்"னு எழுதினா அது மரியாதைக்கு சொன்னது.

பிரீடு மாறினா அதே வார்த்தைக்கு எடையும் மாறிடும்ங்கறதை மறக்கவே கூடாது. கீழ்த்தாடை முன்னால நீண்டிருக்குன்னு லாப்ரடாருக்கு எழுதினா ஷோ வாழ்க்கை முடிஞ்சுது, புல்டாக்குக்கு அது இருந்தே ஆகணும். வயிறு நல்லா உள்வாங்கியிருக்குன்னு சிப்பிப்பாறைக்கு சொன்னா பாராட்டு, லாப்ரடாருக்கு சொன்னா உடம்பு இல்லைன்னு அர்த்தம். ஒரே பிரீடுக்குள்ளயே நாட்டுக்கு நாடு மாறும், மினியேச்சர் பின்ஷர் முன்னங்காலைக் குதிரை மாதிரி உயரத் தூக்கி வச்சு ஓடணும்னு பிரிட்டன், அமெரிக்கா ஸ்டாண்டர்டு சொல்லுது, அந்த இனம் பொறந்த ஜெர்மனியோட ஸ்டாண்டர்டு அப்படிக் கேக்கல, நல்லா எட்டி வைக்கற சாதாரண டிராட், அதாவது மிதமான ஓட்டம்தான் கேக்குது. அப்போ நம்ம ரிங்குல ஒரு ஜட்ஜ் அந்த ஓட்டத்தைப் பாராட்டி இன்னொரு ஜட்ஜ் குறை சொன்னா ரெண்டு பேரும் தப்பு இல்ல, அவங்க எந்த ஊர்ல இருந்து வந்திருக்காங்கன்னு பார்க்கணும்.

நம்ம ராஜபாளையத்துக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். பொதுவா வெளிநாட்டு ஜட்ஜுக்கு மூக்கு கருப்பா இல்லைன்னா கண்ணுல உறுத்தும், "பிக்மென்ட் வீக்", அதாவது நிறமி கம்மின்னு எழுதறது பல பிரீடுகள்ல வழக்கம். ராஜபாளையத்துக்கு வெள்ளை உடம்பும் பிங்க் மூக்கும்தான் இனத்தோட அடையாளம், அதைக் குறையா எழுதி வச்சா அந்த வரியை விட்டுட்டு மத்ததைப் படிங்க. 2005ல இந்திய தபால் துறை நாட்டு நாய்களுக்கு ஸ்டாம்ப் போட்டப்போ ராஜபாளையமும் அதுல வந்துச்சு, அவ்வளவு பேர் இருந்தும் எஃப்சிஐ பட்டியல்ல இந்த இனம் கிடையாது, வெளிய இருந்து வர்ற ஜட்ஜ் கேசிஐ ஸ்டாண்டர்டைப் படிச்சுட்டு வந்துதான் பார்க்கணும். அதனால ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ரிங்குகள்ல வர்ற கமெண்ட் பெரும்பாலும் பொதுவா இருக்கும், "நல்ல டைப், நல்லா ஓடுது, நல்ல கண்டிஷன்". ஓட்டம், டாப்லைன், கால் பத்தி அவங்க சொல்றதை முழுசா நம்பலாம், அது எல்லா நாய்க்கும் பொதுவான உடற்கூறு. தலை, காது, எக்ஸ்பிரஷன், நிறம் பத்தின தீர்ப்புக்கு விருதுநகர், தூத்துக்குடி பக்கம் தலைமுறையா அந்த நாயை வளர்த்தவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறது நல்லது. நாட்டு நாய்களுக்கு இதைத் தெரிஞ்ச உள்ளூர் ஜட்ஜுங்க அதிகமா வரணும், ஒவ்வொரு நாய்க்கும் எழுத்துல கமெண்ட் குடுக்கணும், இந்த இனங்களுக்குத்தான் அந்தப் பதிவு ரொம்பத் தேவை.

ஜட்ஜ் யாருங்கறதும் கணக்குல வரணும். அந்த பிரீடையே வளர்த்து ஜட்ஜ் ஆனவர் தலை, காது, கண் வடிவம், கோட்டோட தன்மைன்னு நுணுக்கமா போவாரு. எல்லா பிரீடும் பார்க்கற ஆல் ரவுண்டர் பேலன்ஸ், டாப்லைன், ஓட்டம் பத்திப் பேசுவாரு. ஒருத்தர் தலையைப் பத்தி எதுவும் சொல்லலைன்னா அவர் ஆல் ரவுண்டரா இருந்தா பெருசா எடுத்துக்க வேண்டாம், அதே மௌனம் பிரீட் ஸ்பெஷலிஸ்ட்கிட்ட இருந்து வந்தா யோசிக்கணும்.

இன்னொரு பக்கம், ஜட்ஜ் சொல்றதுல எல்லாமே அளந்து சொன்னது இல்ல. ஷோல்டர் பிளேடு 45 டிகிரி சாஞ்சிருக்கணும்னு பல காலமா புத்தகத்துல வர்றது, ஆனா ரிங்குல யாரும் டிகிரி அளக்கறது இல்ல, விரலை ரெண்டு எலும்பு முனையில வச்சுப் பார்த்து சொல்றாங்க. ஜெர்மனியில ஜேனா பல்கலைக்கழகத்துல மார்ட்டின் ஃபிஷர் குழு 32 பிரீடைச் சேர்ந்த 300க்கும் மேல நாய்களை ஓட விட்டு ஆராய்ச்சி பண்ணாங்க, எக்ஸ்ரே வீடியோவும் எடுத்தாங்க. முன்னங்கால் எட்டி வைக்கறது தோள் மூட்டுல இருந்து ஆரம்பிக்கல, ஷோல்டர் பிளேடு அதோட மேல் பக்கத்துல இருந்தே ஆடுது, நீளமா எட்டி வைக்கறதுல அதோட பங்கு ரொம்பப் பெருசுன்னு தெரிஞ்சுது. அந்த எலும்பு உடம்போட எந்த எலும்பு மூட்டாலயும் சேரல, தசையாலதான் தொங்குது, அதனால நாய் நிக்கற விதம், எடை, தசை எல்லாமே கைக்குத் தெரியற கோணத்தை மாத்தும். "ஷோல்டர் நல்லா சாஞ்சிருக்கு"ன்னு ஒருத்தரும் "கொஞ்சம் நேரா இருக்கு"ன்னு இன்னொருத்தரும் ஒரே மாசத்துல ஒரே நாய்க்கு சொன்னா அது ஊழலும் இல்ல, அறியாமையும் இல்ல. அப்போ ஓட்டத்தைப் பத்தி ரெண்டு பேரும் என்ன சொன்னாங்கன்னு பாருங்க, அதுல ஒத்துப் போனா அதை எடுத்துக்கங்க.

உடல்நலம் விஷயத்துல இந்தக் கமெண்ட்டுகளோட வரலாறு கொஞ்சம் கசப்பானது. 2008ல பிபிசியில பெடிகிரி நாய்களோட வியாதிகளைப் பத்தி ஒரு டாக்குமென்டரி வந்துச்சு, மறு வருஷம் பிபிசி கிரஃப்ட்ஸ்ங்கற பிரிட்டனோட பெரிய டாக் ஷோவை ஒளிபரப்பறதையே நிறுத்திடுச்சு. பல வருஷமா அழகுன்னு எழுதின வார்த்தைகளே வலியைக் குறிச்சுதுன்னு அப்போதான் நிறைய பேருக்கு உறைச்சுது, தொங்கற கண் இமை, மடிப்பு மடிப்பான தோல், தட்டையான மூக்கு எல்லாம் "அருமையான தலை"ன்னு பேப்பர்ல ஏறியிருந்துச்சு. கென்னல் கிளப் ஸ்டாண்டர்டுகளைத் திருத்தி எழுதினாங்க. 2012 கிரஃப்ட்ஸ்ல 15 பிரீடுக்கு பெஸ்ட் ஆஃப் பிரீட் வந்த நாயை கால்நடை டாக்டர் பார்த்து ஓகே சொன்னாத்தான் அடுத்த ரவுண்டுன்னு வச்சாங்க, புல்டாக், பெக்கிங்கீஸ் உட்பட ஆறு நாய் அதுல தேறல. ஸ்வீடன் அதுக்கு முன்னாடியே எந்தெந்த பிரீடுல எதை மிகைப்படுத்தறாங்கன்னு ஜட்ஜுகளுக்கு தனிக் குறிப்பு போட ஆரம்பிச்சுது, அப்புறம் நார்டிக் நாடுகள் எல்லாம் சேர்ந்து அதைப் பொதுவாக்கினாங்க. அதனால இப்போ அங்க வர்ற பேப்பர்ல "சத்தமில்லாம மூச்சு விடுது", "கண் சுத்தமா இருக்கு"ன்னு பார்த்தா அதை சாதாரண வரின்னு தாண்டிப் போகாதீங்க, பக் மாதிரி பிரீடுக்கு அந்தப் பேப்பர்லயே முதன்மையான பாராட்டு அதுதான்.

அதே நேரம் ஜட்ஜ் கண்ணுக்கும் கைக்கும் தெரியாதது நிறைய இருக்கு. இடுப்பு மூட்டு சரியா பொருந்தாம வளர்ற டிஸ்பிளேசியா எக்ஸ்ரேல மட்டும்தான் தெரியும், எக்ஸலன்ட் வாங்கின நாய்க்கும் இருக்கலாம். முழு வெள்ளை நிற நாய்கள்ல உள்காதுல நிறமி செல் இல்லாததால பிறவிலயே காது கேக்காம போற வாய்ப்பு இருக்கு, ஒரு காது மட்டும் போயிருந்தா ரிங்குல யாராலயும் கண்டுபிடிக்க முடியாது, ஒவ்வொரு காதையும் தனியா சோதிக்கற பேயர் (BAER) டெஸ்ட் பண்ணித்தான் தெரிஞ்சுக்கணும். ராஜபாளையம் வச்சிருக்கறவங்க குட்டி எடுக்கறதுக்கு முன்னாடி இதை அவசியம் யோசிக்கணும். கமெண்ட் பேப்பரையும் மெடிக்கல் ரிப்போர்ட்டையும் பக்கத்துப் பக்கத்துல வச்சுத்தான் மேட்டிங் முடிவு பண்ணணும்.

ஒரு பேப்பரை மட்டும் வச்சு எந்த முடிவுக்கும் வராதீங்க. நாலஞ்சு ஜட்ஜுங்ககிட்ட வாங்கினதை ஒரு நோட்டுல தலை, முன்பக்கம், முதுகு, பின்பக்கம், ஓட்டம், குணம்னு கட்டம் போட்டு எழுதிட்டு வாங்க, தேதி, நாயோட வயசு, அன்னிக்கு எடை எல்லாம் பக்கத்துல. ஒருத்தர் மட்டும் சொன்னது அவரோட ரசனையா இருக்கலாம், ஒருத்தரை ஒருத்தர் தெரியாத மூணு ஜட்ஜ் மூணு ஊர்ல "அப்பர் ஆர்ம் குட்டை"ன்னு சொன்னா அது உங்க நாயோட உடம்புல இருக்கற உண்மை. உங்க ஃபீமேலுக்கு அந்தக் குறை இருந்தா மேட்டிங்குக்குப் போற ஆண் நாயோட கப் எத்தனைன்னு கேக்கறதை விட அதோட முன்பக்கத்தைப் பத்தி ஜட்ஜுங்க என்ன சொல்லியிருக்காங்கன்னு கேளுங்க, முடிஞ்சா அது போட்ட குட்டிகளோட பேப்பரையும் கேட்டு வாங்குங்க. தர்ற பிரீடரும் இருக்காங்க, தராதவங்களும் இருக்காங்க, தர்றவங்ககிட்ட குட்டி வாங்குங்க.

எழுத்துல கிடைக்காத ஷோவுல என்ன பண்றதுன்னா, ஜட்ஜிங் முழுசா முடியற வரைக்கும் காத்திருங்க, நடுவுல போய் நிக்காதீங்க, ரிங்குல ஜட்ஜுக்கு உதவற ஸ்டீவர்டுகிட்ட சொல்லிட்டு போங்க. "ஏன் சார் என் நாய் ஜெயிக்கல?"ன்னு ஆரம்பிச்சா அவர் தற்காப்புக்குப் போயிடுவாரு, சிரிச்சுக்கிட்டே "நைஸ் டாக், அன்லக்கி டுடே"ன்னு அனுப்பிடுவாரு, அதுல ஒண்ணும் கிடைக்காது. "இந்த ஃபீமேல்ல குட்டி எடுக்கலாம்னு இருக்கேன், ஆண் நாய் தேடும்போது எதை முதல்ல பார்க்கட்டும் சார்?"னு கேளுங்க. இந்தக் கேள்விக்கு எந்த நல்ல ஜட்ஜும் நின்னு பதில் சொல்வாங்க, சில பேர் நாயைத் திரும்ப நிக்க வச்சு உங்க கையைப் பிடிச்சு அந்த ஷோல்டர் எலும்பு மேலயே வச்சுக் காட்டுவாங்க. சொல்லி முடிச்சதும் அங்கயே ஓரமா நின்னு அவர் சொன்ன வார்த்தையை மாத்தாம அப்படியே எழுதிக்கங்க, "இன்னிக்கு", "நிக்கும்போது", "போதுமான" மாதிரி சின்ன வார்த்தைங்க உட்பட.